ரெண்டு சைஸ் பெரிய கேமரா

கடைக்குப் போகிற மனிதர்களில் ஒரு வகை உண்டு. அவர்களுக்கு நான் ‘ரெண்டு சைஸ்காரர்கள்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின வாரம், செருப்புக் கடையில், குழந்தையைப் புதுச் செருப்போடு நிற்க வைத்து, குனிந்து, அதன் குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்து, விரல் தாராளமாகப் போய்விட்டு வந்த பிறகும் மனம் ஆறாமல், “இதுல இன்னொரு சைஸ் பெருசு காட்டுங்க, வளர்ற புள்ள” என்கிறாரே, அவர்தான். குழந்தை அந்தச் செருப்போடு நாலு எட்டு நடந்து காட்டும். முதலில் குழந்தை போகும். பிறகு செருப்பு போகும்.

தையல் கடையிலும் அவரைக் காணலாம். “உள்மடிப்பு நாலு இஞ்சு உட்டுத் தைங்க” என்பது அவருடைய மந்திரம். அப்படி மூன்றாம் வகுப்பில் தைத்த பாவாடை, வருடத்துக்கு ஒரு மடிப்புப் பிரிக்கப்பட்டு, பிரித்த இடத்தில் மட்டும் துணியின் பழைய நீலம் பளிச்சென்று தெரிய, ஆறாம் வகுப்பு வரைக்கும் வந்து சேரும். வெட்டிய மரத்தில் வளையத்தை எண்ணி வயது சொல்கிறார்களாமே, அதுபோல அந்தப் பாவாடையில் கோடுகளை எண்ணிப் பிள்ளை படிக்கும் வகுப்பைச் சொல்லிவிடலாம்.

இவரைக் கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய அநியாயம். கஞ்சர் குறைத்து வாங்குகிறவர். இவர் கூட்டி வாங்குகிறவர். போர் போட்டு நானூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்து வண்டிக்காரர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, “இன்னும் எரநூறு அடி ஓட்டுங்க, நாளைக்குத் தண்ணி கீழ எறங்குமில்ல” என்று சொல்கிற ஆள் எப்படிக் கஞ்சராவார்? அவர் கணக்கு வேறு. இன்றைக்கு என்பது வெறும் ஒத்திகை. வாழ்க்கை நாளைக்குத்தான் ஆரம்பிக்கப் போகிறது. அதற்கு எல்லாம் சரியான அளவில் தயாராக இருக்க வேண்டும்.

இந்த வகையினரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். அவர்கள் வீட்டு மொட்டைமாடியைப் பாருங்கள். நாலு மூலையிலும் தூணுக்கு நாலாகக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். மேல் வீடு கட்டுவதற்கு விட்டு வைத்த கம்பிகள். கீழ் வீட்டில் பிறந்த பிள்ளை கல்யாணமாகி வெளியூர் போயிருக்கும், கம்பி நிற்கும். எங்கள் வீட்டிலும் நிற்கிறது. அந்தக் கதை பிறகு.

இந்த இனத்தில் பழுதில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால், எங்கள் பக்கத்து வீட்டுப் பூபதியைக் காட்டுவேன். புதுச்சத்திரத்தில், சேலம் நாமக்கல் ரோட்டின் ஓரத்தில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். கைத்தொழிலில் குறை சொல்ல முடியாது. லாரிக்காரர் குறுக்குச் சட்டம் எட்டுப் போதும் என்றால் பத்து வைத்துக் கட்டுவார். “நாளைக்கு ஆவுமுங்க.” அவர் மனைவி கோகிலவாணியின் கல்யாண மோதிரத்தில் இன்றைக்கும் உட்புறம் மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறது. பதின்மூன்று வருடம் முன்பு, ‘நாளைக்குக் கொஞ்சம் சதை போடுமில்ல’ என்று கணித்து வாங்கிய மோதிரம். அம்மணி சதை போடவேயில்லை.

அவர்கள் மகள் அபிநயாவுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. இந்தப் பெண்ணுக்குப் படம் எடுப்பதில் பைத்தியம். அம்மாவின் போன் முழுக்க அவள் எடுத்த படங்கள்தான்: ஆட்டின் காது, வெல்டிங் பொறி, லாரிக்கு அடியில் தூங்குகிறவரின் உள்ளங்கால், கோலத்தின்மேல் போகிற எறும்பு. கோகிலவாணி ஒரு ஓ.டி.பி. பார்ப்பதற்குள் போன், இடமில்லை என்று மூன்று தடவை அழும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் சாயந்திரம் அவள் மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். பட்டறையின் பின்புறம், விபத்தில் நசுங்கிய ஒரு லாரி, உடைமைக்காரர் திரும்பி வராததால் வருடக்கணக்காக நிற்கிறது. அதன் கேபினுக்கு மேலே தார்ப்பாய் வைக்கும் பெட்டிக்குள் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. மூன்று குஞ்சுகள். பெட்டியின் ஓட்டையில் வரிசையாகத் தலையை நீட்டி, மூன்றும் ஒரே நேரத்தில் கழுத்தைச் சாய்த்துப் பார்க்குமாம். அம்மாவின் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினாள். இருட்டுக்குள் மூன்று போண்டா.

“கிட்டப் போனா உள்ள போயிருதுங்க மாமா. எட்ட நின்னா போண்டாவாத்தான் உழுகுது.”

வீட்டிலிருந்த பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். முட்டையிலிருந்து வந்து ஒரு மாதத்தில் பறந்துவிடும் என்று போட்டிருந்தது. அவள் கணக்குப்படி பத்து நாள் ஆகியிருந்தது. விரல்விட்டு எண்ணினாள். இருபது நாள்.

பட்டறை ஆட்கள், ஆந்தை இருந்தால் தொழிலுக்கு ஆகாது, கலைத்துவிடலாம் என்று பூபதியிடம் சொல்லியிருக்கிறார்கள். “சும்மா இருங்கப்பா, வளர்ற புள்ளைங்க” என்று அதட்டி அனுப்பிவிட்டார். சொன்னேனே, நல்ல மனிதர். மகள் கேமரா கேட்டதும் ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பிவிட்டார். இங்கிலீசில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கேமராக் கடை. கடையில் சிவபிரகாஷ் என்று ஒரு தம்பி. விஷயம் தெரிந்தவர். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பெண்ணின் கையைப் பார்த்தார். “கைய நீட்டு பாப்பா” என்று சொல்லி, உள்ளங்கையில் ஒரு சின்ன நீலக் கேமராவை வைத்தார். விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. ஆள்காட்டி விரல் யாரும் சொல்லாமலே பொத்தானின்மேல் போய் உட்கார்ந்தது.

“கீழ உழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. தூரத்துல இருக்கறது கிட்ட வரோணுமா, இதத் தள்ளு பாப்பா.”

தள்ளினாள். ரோட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடை இருந்தது. “அப்பா! டீ மாஸ்டர் மீசையில டீத்தூளு ஒட்டியிருக்குதுங்கப்பா!” என்று கத்தினாள். கடையே சிரித்தது.

பூபதி சிரிக்கவில்லை. மகளின் கையையே கவலையாகப் பார்த்தார்.

“கைக்குக் கணக்கா இருக்குதேங்க.”

“ஆமாங்க சார். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குது.”

“அதானுங்க தம்பி கேக்கறேன். இப்பவே கணக்கா இருந்தா, அடுத்த வருசம் பத்தாமப் போயிருமில்லீங்களா?”

சிவபிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“சார், இது சட்டை இல்லீங்களே.”

“எல்லாம் ஒண்ணுதானுங்க. புள்ள வளருதில்ல? இந்தக் கல்யாணத்துக்கெல்லாம் வந்து எடுக்கறாங்களே, அவங்க கையில வெச்சிருக்கறது எதுங்க?”

அலமாரியின் மேல் தட்டிலிருந்து அது இறங்கி வந்தது. கறுப்பாக, கனமாக, மேலெல்லாம் பொத்தான்களோடு. பூபதி அதைக் கையில் வாங்கி, கியர் பெட்டியை எடைபோடுவதுபோல இரண்டு தடவை தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இது எத்தன வயசு வரைக்கும் ஆவுமுங்க?”

“அதுக்கென்ன சார், பாப்பா காலேஜ் முடிச்சு இதையே தொழிலாக்கூடச் செய்யலாம்.”

“பாத்தீங்களா சார்?” என்று என் பக்கம் திரும்பினார். “இதான் கேமரா. ஏந்தம்பி, இந்த லென்சுல இதவிடப் பெருசு இருக்குதுங்களா?”

இருந்தது. அதைக் கேமராவில் மாட்டியபோது, போர்வெல் வண்டியில் பைப்பை ஏற்றியதுபோல இருந்தது. அதற்கு ஒரு பை. அந்தப் பையிலும் ஒரு சைஸ் பெரியது. கட்டச் சொல்லிவிட்டார்.

அபிநயா நீலக் கேமராவைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். ஊர் வரும்வரை புதுப் பெட்டி அவள் மடியில் இருந்தது. பெட்டிக்குப் பின்னால் அவள் முகம் தெரியவில்லை.

குஞ்சுகள் பறக்க அன்றைக்குப் பதினைந்து நாள் இருந்தது.

முதலில், பெட்டியைத் திறக்க நல்ல நாள் பார்த்தார்கள். அதில் இரண்டு நாள் போயிற்று. அடுத்த மூன்று நாள், நானூறு பக்கக் குறிப்புப் புத்தகத்தை நான் பூபதிக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒவ்வொரு பொத்தானுக்கும், “இது இப்பத்திக்கு வேண்டாம், பின்னாடி ஆவும்” என்று தலையாட்டினார். பிறகுதான் கேமரா அபிநயாவின் கைக்கு வந்தது. பெருமையாகத் தூக்கினாள். கண்ணுக்கு நேராக வந்த கேமரா மூக்குக்கு இறங்கியது, மூக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கியது, லென்ஸ் தரையைப் பார்த்துக் கும்பிட்டது. அன்றைக்கு அவள் இருபத்திரண்டு படம் எடுத்தாள். இருபத்திரண்டிலும் அவளுடைய கால் இருந்தது. காலுக்கு முன்னால் மிச்சமிருந்த செருப்பும் இருந்தது.

“கனமா இருக்குதுங்கப்பா.”

“இப்பக் கனமாத்தான் சாமி இருக்கும். வளர வளர லேசாயிரும்.”

“குஞ்சு பறந்துருமுங்கப்பா.”

பூபதி யோசித்தார். வேறு அப்பாவாக இருந்தால் கடைக்குத் திரும்பிப் போயிருப்பார். இவர் பட்டறைக்காரர். கனத்தைத் தாங்கத்தானே அவர் தொழிலே இருக்கிறது? “ஒரு ஸ்டாண்டு அடிச்சிரலாம்” என்றார்.

ஸ்டாண்டின் உயரத்துக்குப் பெரிய கணக்குப் போட்டார். அவர் அஞ்சடி பத்து. கோகிலவாணி அஞ்சடி நாலு. ஆகவே அபிநயா நாளைக்கு அஞ்சடி ஏழாவது வருவாள். அஞ்சடி ஏழுக்கு இரும்புச் சட்டம் வெட்டினார். அதற்கு எட்டாது என்பதால் அவள் ஏறி நிற்க ஒரு படி. படி ஆடாமல் இருக்க ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் நகர்த்த அடியில் நாலு இரும்புச் சக்கரம். லாரி தோற்றது. பட்டறையில் எழுத்து எழுதும் வீரன், யாரும் கேட்காமலே பக்கவாட்டில் தாமரைப்பூ வரைந்து ‘அபிநயா’ என்று எழுதினார். பழக்கதோஷம், பின்பக்கம் ‘ஒலி எழுப்பவும்’ என்றும் எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டி புறப்பட்டது.

ஒலி எழுப்பச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு பேர் தள்ள, பட்டறைத் தளத்தின்மேல் அந்தச் சக்கரங்கள் போட்ட கடமுடாச் சத்தத்தில், நெடுஞ்சாலையில் போன பஸ்ஸில் தூங்கியவர்கள்கூட விழித்திருப்பார்கள். பழைய லாரியின் ஓட்டையில் தெரிந்த மூன்று தலையும் சடக்கென்று உள்ளே போயின. சாயந்திரம்வரை வெளியே வரவில்லை. மறுநாள் சக்கரத்துக்குக் கிரீஸ் போட்டுத் தள்ளினார்கள். தலை போயிற்று. அதற்கடுத்த நாள் கோணி சுற்றித் தள்ளினார்கள். கோணியோடு போயிற்று.

நாலாம் நாள் ஓட்டையில் இரண்டு தலைதான் இருந்தது. ஆறாம் நாள் ஒன்று.

அந்த ஆறாம் நாள் ஒரு லீவு நாள். காலையில் நானும் போயிருந்தேன். பூபதி சக்கரங்களுக்கு டயர் ரப்பரை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு மணி நேரம் பொறு சாமி. இது காஞ்சிருச்சுன்னா சத்தமே வராது. ஆயுசுக்கும் வராது.”

அபிநயா அழவில்லை. அழுதிருந்தால் அவர் சமாளித்திருப்பார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்கப்பா, எனக்கு இப்பப் பத்து வயசுதானுங்களே?”

“ஆமா சாமி.”

“பத்து வயசுக்கு எனக்கு ஒண்ணுமே வாங்கித் தர மாட்டீங்களா?”

பூபதியின் கையிலிருந்த பசை டப்பா அப்படியே நின்றது. டீ கொண்டுவந்த கோகிலவாணி சந்தர்ப்பத்தை விடவில்லை. விரலிலிருந்த மோதிரத்தைச் சுற்றிக் காட்டினார்.

“உன்னுது கிடக்குது சாமி, பத்து வருசந்தான். நான் வளந்துருவேன்னு பதிமூணு வருசமாக் காத்துட்டிருக்கறாரு உங்கொப்பன். எனக்கு மொதல்ல ஒரு முடிவு சொல்லச் சொல்லு.”

பூபதி எழுந்தார். ஸ்பேனரை எடுத்து, ஸ்டாண்டில் பூட்டியிருந்த கேமராவைக் கழற்றினார். செருப்பை உதறிவிட்டு, பழைய லாரியை நோக்கிப் பூனைபோல நடந்தார். ஆறடிக்கு ரெண்டு இஞ்சு குறைந்த அந்த உடம்பு பூனையாவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது அடி தள்ளி, இரும்புத்தூள் கிடந்த மண்ணில் மண்டியிட்டு, மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இப்போது அவர் தோள் சரியாக அபிநயாவின் கழுத்து உயரத்தில் இருந்தது. அஞ்சடி ஏழு இல்லை. இன்றைய உயரம்.

“வெச்சுக்க” என்றார் மெதுவாக.

அவள் லென்ஸை அப்பாவின் தோளில் வைத்தாள். கன்னத்தைக் கேமராவில் ஒட்டினாள்.

“ஆடாதீங்கப்பா.”

“ஆடுலியே.”

“பேசாதீங்கப்பா. மூச்சு உடறீங்க. படம் மேல கீழ போகுது.”

“மூச்சு உடாம எப்படி சாமி...”

“சித்த நேரம் உடாதீங்க.”

பூபதி மூச்சை நிறுத்தினார். நான் நிறுத்தினேன். டீ டம்ளரோடு கோகிலவாணி நிறுத்தினார். ஓட்டையில் ஒரு தலை வந்தது. உருண்டைக் கண்கள். எங்கள் நாலு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருக்கிறாரே’ என்பதுபோல, கழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது.

க்ளிக்.

ஒரே ஒரு படம். அதற்குள் பூபதி தும்மிவிட்டார்.

படத்தைப் பின்பக்கத் திரையில் பார்த்தோம். ஆந்தைக் குஞ்சு ஊசிமுனை மாதிரித் துல்லியமாக விழுந்திருந்தது. கண்ணைச் சுற்றிய வெள்ளை, அலகுக்குக் கீழே பறந்துகொண்டிருந்த ஒரு பஞ்சு உட்பட. ஆனால் படத்தின் வலது பாதியில், மங்கலாக, பழுப்பாக, பிரம்மாண்டமாக, ஏதோ ஒன்று எழுந்து நின்றது. பூபதியின் காது.

“அடக் கெரகமே, காது இத்தாம்பெருசா உழுந்திருச்சே” என்று தலையில் கைவைத்தார்.

“பரவால்லீங்கப்பா” என்றாள் அபிநயா. “வளர்ற காது.”

மறுநாள் ஆந்தைப் பெட்டி காலியாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூபதி தானாகவே ஃபேர்லேண்ட்ஸுக்குப் போய், அந்த நீலக் கேமராவை வாங்கி வந்தார். பெரிய கேமரா பீரோவில் அவள் வளர்வதற்காகக் காத்திருக்கிறது. ஸ்டாண்டில் இப்போது பட்டறை ஆட்கள் சட்டையை மாட்டுகிறார்கள். அந்த ஒரு படத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, பட்டறை ஆபீஸில் மாட்டியிருக்கிறார். சட்டம் படத்தைவிட இரண்டு சைஸ் பெரியது. “நாளைக்கு இன்னும் பெரிய படமா எடுப்பா பாருங்க” என்கிறார். ஆளை மாற்ற முடியுமா? பாடி கட்ட வருகிற லாரிக்காரர்கள் படத்தை நின்று பார்த்து, ஆந்தையைப் பாராட்டிவிட்டு, “பக்கத்துல இருக்கறது கொல்லிமலைங்களா?” என்று கேட்கிறார்கள். பூபதி காதைத் தடவிக்கொண்டு, “ஆமாங்க” என்கிறார்.

சரி, எங்கள் வீட்டுக் கம்பிக்கு வருகிறேன்.

நீலக் கேமரா வந்த வாரம், அபிநயா எங்கள் மொட்டைமாடிக்கு வந்தாள். அங்கே பதினாறு கம்பிகள் நிற்கின்றன. மேல் வீடு எடுத்து, கிழக்குப் பார்த்து ஜன்னல் வைத்து, அதன் பக்கத்தில் என் மனைவி கலைமணி படிக்க ஒரு நாற்காலி போடுவதாக நான் இருபத்தாறு வருடத்துக்கு முன்பு திட்டம் போட்டு விட்ட கம்பிகள். கலைமணி அந்தத் திட்டத்தை இரண்டு வருடம் கேட்டாள். மூன்றாம் வருடம் ஒரு நைலான் கயிறு வாங்கிக்கொண்டு மாடியேறினாள். “நீங்க எப்ப வேணா கட்டுங்க. அதுவரைக்கும் எந்துணி ஈரத்தோட இருக்குமா?” என்று கேட்டு, இந்த மூலைக் கம்பிக்கும் அந்த மூலைக் கம்பிக்கும் கொடி கட்டிவிட்டாள். கயிறு நாலைந்து தடவை மாறியது. போன ஐப்பசியிலிருந்து அந்தக் கொடியில் என் சட்டைகள் மட்டும் காய்கின்றன.

“இந்தக் கம்பியெல்லாம் எதுக்குங்க மாமா?” என்று கேட்டாள் அபிநயா.

“மேல ஊடு கட்டறதுக்கு.”

“யாரு இருக்கறதுக்குங்க?”

குழந்தைகள் இப்படித்தான். அளவு சரியாகக் கேட்டுவிடுவார்கள். நான் கொடியைப் பார்த்தேன்.

“கொடி கட்டறதுக்குத்தான் சாமி” என்றேன்.

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கம்பியும் கயிறும் காற்றில் ஆடிய சட்டையுமாக ஒரு படம் எடுத்தாள். நன்றாக வந்திருக்கிறது. அளவான சட்டமாக ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் படித்துச் சிரித்திருப்பீர்கள். சம்பந்தி வீட்டிலோ ஆபீஸிலோ ஒரு ரெண்டு சைஸ்காரரை நினைத்தும் வைத்திருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் ‘நல்ல விஷயமாக இருக்கிறதே, இந்தப் பக்கத்தைக் கிழித்துப் பத்திரமாக வைப்போம், நம் பிள்ளை வளர்ந்து பெரியவனானதும் படிக்க ஆகும்’ என்று உங்கள் கை இந்நேரம் பீரோப் பக்கம் போயிருந்தால், ஐயா, கொஞ்சம் நில்லுங்கள். உங்களுடைய செருப்பையும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.